தீர்ப்பின் முன் நிற்கும் குரல்: வெர்டியின் ரிக்வியமும் ‘ஓபரா’ என்ற குற்றச்சாட்டும்

1. கேட்காமல் சொன்ன தீர்ப்பு

இத்தாலிய இசையமைப்பாளர் ஜூசெப்பே வெர்டியின் ‘ரிக்வியம்’ என்ற இரங்கல் திருப்பலி இசை பற்றி இன்றுவரை அதிகம் எடுத்தாளப்படும் கருத்து, அந்த இசையைக் கேட்கப் போகாத ஒருவருடையது. ஜெர்மன் பியானோ கலைஞரும் இசை நடத்துநருமான ஹான்ஸ் ஃபான் பூலோ 1874 மே மாதம் மிலானில்தான் இருந்தார். மே 22 அன்று சான் மார்க்கோ தேவாலயத்தில் ரிக்வியம் முதன்முறையாக ஒலித்தபோது அவர் அங்கே போகவில்லை. இசைப்பிரதியை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. அந்த அளவிலேயே ஜெர்மன் நாளிதழ் ஒன்றுக்கு எழுதி அனுப்பினார்: வெர்டி இன்னொரு ஓபரா எழுதியிருக்கிறார், அதற்குக் குருமாரின் அங்கியைப் போர்த்திவிட்டிருக்கிறார் என்பது அவர் சொன்னதன் சாரம்.

அதே பிரதியை வாங்கிப் படித்துப் பார்த்த இசையமைப்பாளர் யோஹன்னெஸ் பிராம்ஸ், பூலோ தம் பெயரைத் தாமே கெடுத்துக்கொண்டார் என்றும் மேதை ஒருவரால்தான் இப்படி எழுத முடியும் என்றும் கருத்துச் சொன்னார். பதினெட்டு ஆண்டுகள் போயின. 1892-இல், அவ்வளவு சிறப்பில்லாத ஒரு நிகழ்ச்சியில் ரிக்வியத்தைக் கேட்ட பூலோவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெர்டிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். வெர்டியும் பெருந்தன்மையோடு பதில் எழுதினார்.

சொன்னவரே திரும்பப் பெற்ற பிறகும் அந்தக் கருத்து சாகவில்லை. அதில் ஏதோ உண்மை இருப்பதுதான் காரணம். வெர்டியின் ‘ஐதா’ ஓபராவைக் கேட்டுப் பழகிய காதுக்கு ரிக்வியத்தின் உறவுமுறை உடனே பிடிபடும். குரல்கள் எழும்பும் விதம், வாத்தியக் குழு திடுமென்று பாயும் விதம், அழுகை மெட்டாக மாறும் விதம் எல்லாம் ஒரே கையின் வேலை. ஆகவே பூலோ அவசரப்பட்டார் என்று சொல்லி வழக்கை முடித்துவிட முடியாது. கோரஸ் பாடும் பிரார்த்தனைக்குள் ஓபராவின் நாடகத் தொழில் நுழையும்போது பிரார்த்தனைக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தக் கட்டுரையின் வாதம் இது: ரிக்வியத்தின் நாடகம் அரங்கிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டதன்று, பிரார்த்தனையின் சொற்களிலேயே அது இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓபரா எழுதிப் பழகிய ஒருவரால் அதைக் கேட்க முடிந்தது. இந்த இசை வழிபாட்டுக்குப் பொருந்துமா என்பது வேறு வழக்கு. அதில் திருச்சபையின் பக்கம் வலுவான நியாயம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்ததால்தான் இத்தனை காலம் குழப்பம் நீடித்தது.

2. பழைய வழக்கு

தேவாலய இசையும் நாடக இசையும் தனித்தனியாக வளர்ந்து 19ஆம் நூற்றாண்டில் திடீரென்று மோதிக்கொண்டன என்ற எண்ணம் பரவலாக உண்டு. வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1600 பிப்ரவரியில் ரோம் நகரில், பிலிப்பு நேரியின் சபையார் கூடும் பிரார்த்தனைக் கூடத்தில், எமிலியோ தெ காவலியேரி ஆன்மாவும் உடலும் வாதிடும் ஓர் இசை நாடகத்தை மேடையேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் ஃபிளாரன்ஸில் யாகோப்போ பேரியின் ‘எவுரிதீச்சே’ அரங்கேறியது. முழுமையாகக் கிடைக்கும் ஓபராக்களில் மிகப் பழையது அதுதான். பக்தி நாடகமும் ஓபராவும் ஒரே ஆண்டில், ஒரே பாட்டுமுறையில் பிறந்தவை.

அதன் பிறகு இரு பக்கமும் போக்குவரத்து ஓயவேயில்லை. மோன்தெவெர்தி 1607-இல் ‘ஓர்ஃபேயோ’ ஓபராவின் தொடக்கத்துக்கு எழுதிய முழக்கத்தை 1610-இல் அச்சான மரியன்னை மாலை வழிபாட்டின் முதல் பகுதியில் கோரஸுக்கு அடியில் வைத்தார். 1608-இல் அரியாத்னேயின் புலம்பலாக இருந்த மெட்டு, பிற்காலத்தில் லத்தீன் சொற்களோடு மரியாளின் புலம்பலாயிற்று. காதலன் கைவிட்ட பெண்ணின் அழுகையும் மகனை இழந்த தாயின் அழுகையும் ஒரே ஸ்வரங்களில். அக்காலத்தில் இது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

உறுத்தல் நிறுவனங்களுக்குத்தான் வந்தது. 1723-இல் லைப்சிக் நகரில் பணியேற்ற யோஹான் செபாஸ்டியன் பாஹ், தேவாலய இசை நீண்டுவிடாமலும் ஓபரா போல ஒலிக்காமலும் கேட்போரிடம் பக்தியை எழுப்புவதாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. சில ஆண்டுகளிலேயே அவர் ‘மத்தேயு பாடுகள்’ எழுதினார். 1732-இல் ஹேண்டலின் ‘எஸ்தர்’ லண்டன் அரங்குக்கு வந்தபோது, அரச ஆலயத்துப் பாடகச் சிறுவர்கள் மேடையில் நடிப்பதற்கு லண்டன் ஆயர் எட்மண்ட் கிப்சன் தடை போட்டார். நடிப்பு இல்லாமல் நின்று பாடும் ஆங்கில ஓரட்டோரியோ வேரூன்ற அந்தத் தடை ஒரு முக்கியக் காரணம். தடை ஒரு புதுக் கலைவடிவத்துக்கே வழி திறந்துவிட்டது.

எதிர்த்திசைப் பயணமும் அதே அளவு உண்மை. புச்சீனி 1880-இல் மாணவராக எழுதிய திருப்பலி இசையின் இரு பகுதிகளைப் பிற்பாடு ‘எட்கார்’, ‘மனோன் லெஸ்கோ’ ஓபராக்களுக்கு எடுத்துக்கொண்டார். அவருடைய ‘தோஸ்கா’வில் (1900) முதல் அங்கம் முடிவது ரோம் தேவாலயம் ஒன்றில், ‘தே தேயும்’ நன்றிப் பாடலோடு. மணியும் கோரஸும் முழங்க, காவல்துறைத் தலைவன் ஸ்கார்பியா தன் இச்சையைத் தனியே பாடிக்கொண்டு நிற்கிறான். அங்கே கோரஸின் பிரார்த்தனை ஒரு பின்திரை. ரிக்வியத்தில் அப்படி ஒரு பின்திரையைத் தேடினால் கிடைக்காது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே, மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு படைப்பின் இயல்பைத் தீர்மானிக்க முடியாது. அந்த அளவுகோலைப் பிடித்தால் மோன்தெவெர்தியின் மாலை வழிபாடும் தள்ளுபடியாகிவிடும்.

3. கடைசியிலிருந்து எழுதப்பட்ட இசை

இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் ரோஸ்ஸினி 1868 நவம்பர் 13 அன்று பாரிஸில் இறந்தார். நான்கே நாளில் வெர்டி தம் பதிப்பாளர் ரிக்கோர்திக்கு எழுதினார்: இத்தாலியின் முன்னணி இசையமைப்பாளர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதி ஒரு ரிக்வியம் உருவாக்குவோம், முதலாண்டு நினைவு நாளில் பொலோஞ்ஞா நகரின் சான் பெத்ரோனியோ தேவாலயத்தில் அதைப் பாடுவோம், அதன் பிறகு பிரதியை முத்திரையிட்டு வைத்துவிடுவோம். பதின்மூன்று பேர் எழுதினார்கள். வெர்டிக்கு வந்தது கடைசிப் பகுதியான ‘லீபெரா மே’. எல்லோரும் எழுதி முடித்தும் நிகழ்ச்சி நடக்கவில்லை. பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் விட்டுக்கொடுக்க அரங்க ஒப்பந்தக்காரர் மறுத்ததும், ஏற்பாட்டாளர்களின் மனத்தாங்கல்களும் சேர்ந்து அதைக் கவிழ்த்தன. ஆவணக்காப்பகத்தில் கிடந்த அந்தக் கூட்டுப் படைப்பு 1988-இல்தான் முதன்முறையாகப் பாடப்பட்டது.

1871-இல் மிலான் இசைக்கல்லூரியின் ஆல்பெர்த்தோ மத்சுக்காத்தோ அந்த ‘லீபெரா மே’யைப் பார்த்து வியந்து வெர்டிக்கு எழுதினார். முழு ரிக்வியத்தையும் எழுதும் ஆசை வருகிறது, ஆனால் உலகில் ஏற்கெனவே ஏராளமான ரிக்வியங்கள் இருக்கின்றன, பயனற்ற காரியங்களில் எனக்கு விருப்பமில்லை என்ற பொருளில் வெர்டி பதிலளித்தார். 1873 மே 22 அன்று மன்சோனி இறந்தபோது அந்தத் தயக்கம் போய்விட்டது. இத்தாலிய உரைநடைக்கே வடிவம் கொடுத்த ‘இ ப்ரோமெஸ்ஸி ஸ்போசி’ நாவலின் ஆசிரியர் மீது வெர்டிக்கு இளமையிலிருந்தே பெரும் பக்தி. வெர்டி இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ளவில்லை. சில நாள் கழித்துத் தனியே கல்லறைக்குப் போனார். பிறகு மிலான் மேயருக்கு ஒரு யோசனை சொன்னார்: ஆண்டு நிறைவுக்கு ரிக்வியம் எழுதித் தருகிறேன், இசைப்பிரதி அச்சிடும் செலவு என்னுடையது, நிகழ்ச்சிச் செலவு நகராட்சியுடையது.

இந்த வரலாற்றில் ஒரு செய்தி நம் கேள்விக்கு நேரடியாகப் பயன்படுகிறது. ‘லீபெரா மே’ இரங்கல் திருப்பலியின் உள்ளே வருவதன்று. திருப்பலி முடிந்தபின் சவப்பெட்டியின் அருகே நின்று பாடப்படும் மன்றாட்டு. இறந்தவருக்காகப் பாடினாலும் அதன் சொற்கள் ‘என்னை விடுவியும்’ என்று தன்மையில் பேசுகின்றன. நடுக்கமும் அச்சமும் பேசுகிறவருடையவை. கோபத்தின் நாளும் (‘டீயெஸ் ஈரே’) நித்திய இளைப்பாற்றியும் அந்தச் சிறு பாடலின் உள்ளேயே குறிப்பிடப்படுகின்றன. ஆகவே 1869-இல் அதற்கு இசையமைத்தபோதே அந்த இரண்டுக்கும் வெர்டி இசை எழுதியாக வேண்டியிருந்தது. 1874-இன் பிரம்மாண்டமான ‘டீயெஸ் ஈரே’யும், மெல்லத் தொடங்கும் முதல் பகுதியும் அந்த விதைகளிலிருந்து விரிந்தவை. கேட்கிறவர் தொடக்கத்திலிருந்து முடிவுக்குப் போகிறார். எழுதியவர் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வந்தார்.

அதனால் முழுப் படைப்பும் ஒற்றைச் சோப்ரானோக் குரல் ஒன்றின் அச்சத்தை நோக்கியே அமைந்திருக்கிறது. ஓபரா மேடைக்காகச் சேர்த்த கதாநாயகி அல்லள் அவள். சடங்கு நூலே அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது.

4. பிரதியில் உள்ள சான்றுகள்

குற்றம் சாட்டுவோரின் வலுவான சான்று ‘லாக்ரிமோசா’. 1867 மார்ச் 11 அன்று பாரிஸில் அரங்கேறிய ‘தோன் கார்லோஸ்’ ஓபராவில், கொல்லப்பட்ட போசாவின் உடலருகே அரசன் பிலிப்பும் இளவரசன் கார்லோஸும் சேர்ந்து புலம்பும் ஒரு காட்சி இருந்தது. அரங்கேற்றத்துக்கு முன்பே வெர்டி அதை வெட்டிவிட்டார். அந்த மெட்டுதான் ‘லாக்ரிமோசா’வாக மறுபிறவி எடுத்தது. ஆக, ரிக்வியத்தின் மிகவும் உருக்கமான இடங்களில் ஒன்று உண்மையிலேயே ஓபராவிலிருந்து வந்தது. இதை மழுப்பத் தேவையில்லை.

ஆனால் மெட்டு இடம் மாறியபோது என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். ஓபராவில் அழுகிற இருவருக்கும் வெவ்வேறு காரணங்கள். நம்பிய ஒருவனைத் தானே கொல்லச் செய்துவிட்ட அரசன் ஒருபுறம், உயிரைக் கொடுத்துக் காத்த நண்பனை இழந்த இளவரசன் மறுபுறம். ரிக்வியத்தில் மெஸ்ஸோ-சோப்ரானோ அதைத் தொடங்குகிறாள், பாஸ் குரல் ஏற்கிறது, பின் மற்ற இருவரும் கோரஸும் சேர்கிறார்கள். மேலே சோப்ரானோவின் சிறு சிறு ஸ்வரத் துணுக்குகள் தாளத்துக்கு இடையே விம்மல் போல் விழுகின்றன. யாருடைய அழுகை என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. குரல்கள் கூடக்கூட அது எவருடையதும் ஆகிறது. முடிவில் ‘ஆமென்’ என்ற சொல்லில், சற்றும் எதிர்பாராத ஜி மேஜர் ஸ்வரக்கோவை ஒன்று திறந்து உடனே மூடிக்கொள்கிறது. ‘தோன் கார்லோஸ்’ காட்சியின் துக்கத்தை அந்த ‘ஆமென்’ மனிதத் தகராறுக்கு வெளியே கொண்டுபோய்விடுகிறது.

இரண்டாவது சான்றை இரு தரப்பும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுவே மிக முக்கியமானதாகப் படுகிறது. எல்லோருடைய செயலும் எழுதப்பட்ட புத்தகம் கொண்டுவரப்படும் என்று சொல்லும் ‘லீபெர் ஸ்கிரிப்துஸ்’ பகுதியை 1874-இல் வெர்டி கோரஸுக்கான ஃபியூகாக எழுதியிருந்தார். ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்ற குரல்கள் அடுத்தடுத்துப் பற்றிக்கொண்டு பின்னும் ஃபியூக், தேவாலய இசையின் மதிப்புக்குரிய சீருடை. ‘ஓபரா’ என்ற குற்றச்சாட்டுக்கு அஞ்சியிருந்தால் வெர்டி அந்தச் சீருடையை விட்டிருக்க மாட்டார். அவர் செய்தது நேர் எதிர். 1875 மே மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் நிகழ்ச்சிக்கு அந்த ஃபியூகை எடுத்துவிட்டு, மெஸ்ஸோ-சோப்ரானோவின் தனிப்பாட்டை அங்கே வைத்தார். பாடகி சொல்லச் சொல்ல, கோரஸ் இடையிடையே கோப நாளின் பெயரைத் தாழ்ந்த குரலில் உச்சரிக்கிறது.

இந்த மாற்றம் நாடகத்தின் பக்கம் சாய்வு என்பதில் ஐயமில்லை. ஆயினும் சொற்களைப் பாருங்கள். ஒரு புத்தகம் திறக்கப்படுகிறது, அதில் எழுதியிருப்பது வாசிக்கப்படப் போகிறது. ஃபியூகில் நான்கு குரல்கள் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு சொல்லைப் பாடும்போது அந்த வாக்கியமே காதில் விழாது. தனிக்குரலில் அது சாட்சியாக ஒலிக்கிறது. பாடலின் பொருளுக்கு நெருக்கமாக வந்தது மரபு வடிவமா, நாடக வடிவமா? வெர்டியின் விடை 1875-இன் பிரதியில் இருக்கிறது. ஃபியூகை அவர் வெறுத்தவரும் அல்லர். இரட்டைக் கோரஸுக்கான ‘சாங்துஸ்’ ஏறக்குறைய முழுவதும் ஃபியூக்தான். ‘லீபெரா மே’யின் நீண்ட பகுதி ஒன்றும் அதுதான்.

மூன்றாவது, ‘டீயெஸ் ஈரே’யின் பெருமுரசு. வாத்தியக் குழு முழுவதும் இடித்துவிட்டு நிற்கும் இடைவெளியில், தாளம் விழ வேண்டிய இடத்தைத் தவிர்த்து அந்த முரசு தனியே அடிக்கிறது. முரசின் கயிறுகளை நன்றாக இறுக்கி, அடி வறண்டதாகவும் மிகப் பலமாகவும் விழச் செய்ய வேண்டும் என்று வெர்டி பிரதியிலேயே குறித்திருக்கிறார். அரங்குத் தொழிலை உள்ளங்கை ரேகையாக அறிந்தவரின் குறிப்பு அது. அடுத்து வரும் ‘துபா மீரும்’ பகுதியில், வாத்தியக் குழுவின் டிரம்பெட்டுகளுக்கு நான்கு டிரம்பெட்டுகள் தொலைவிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து பதில் சொல்கின்றன. இதுவும் ஓபரா மேடையின் பழைய உத்தி. அவை ஓய்ந்ததும் பாஸ் பாடகர் மரணமே திகைத்து நிற்பதைச் சொல்ல வருகிறார். மரணம் என்ற சொல்லைப் பாடுகிறார், நிறுத்துகிறார், மறுபடி அதே சொல்லைப் பாடுகிறார், மறுபடி நிறுத்துகிறார். ஓசையின் உச்சத்துக்குப் பிறகு வரும் அந்த இடைவெளிகள்தாம் இப்பகுதியின் மையம் என்று நினைக்கிறேன். ஆரவாரத்துக்காக இந்த இசையைக் கேட்கிறவர்கள் அந்த மௌனத்தைத் தவறவிடுகிறார்கள்.

5. பாத்திரம் இல்லாத நாடகம்

ரிக்வியத்தை ஓபராவோடு ஒப்பிடுவதென்றால் பொதுவாகப் பேசாமல் ஒரு காட்சியோடு ஒப்பிட வேண்டும். அதற்கு ‘ஐதா’வின் விசாரணைக் காட்சி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் அரங்கேறிய இந்த ஓபராவின் நான்காம் அங்கத்தில், படைத்தலைவன் ராதமேஸை அர்ச்சகர்கள் விசாரிக்கிறார்கள். விசாரணை மேடைக்கு வெளியே நடக்கிறது. மேடையில் அரசகுமாரி அம்னேரிஸ் மட்டும். தலைமை அர்ச்சகர் மூன்று முறை பெயர் சொல்லி அழைத்து மூன்று குற்றங்களை வாசிக்கிறார். மூன்று முறையும் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் அம்னேரிஸ் துடிக்கிறாள். கோரஸ் தீர்ப்புச் சொல்கிறது.

1872 பிப்ரவரியில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் அம்னேரிஸாகப் பாடியவர் மரியா வால்த்மன்; ஐதாவாகப் பாடியவர் தெரேசா ஸ்டோல்ஸ். இரண்டு ஆண்டுகள் கழித்து ரிக்வியத்தின் முதல் நிகழ்ச்சியில் பாடியவர்களும் இதே இருவர். டெனராக ஜூசெப்பே கப்போனியும் பாஸாக ஓர்மோந்தோ மாயினியும் அவர்களோடு சேர்ந்தார்கள். இன்னொருவனுக்குத் தீர்ப்பு எழுதப்படுவதை வெளியே நின்று கேட்ட அம்னேரிஸின் குரல்தான், தீர்ப்புப் புத்தகம் திறக்கப்படுவதை 1875-இன் புதிய ‘லீபெர் ஸ்கிரிப்துஸ்’ பகுதியில் அறிவித்தது.

இங்கேதான் வேறுபாடு தெளிவாகிறது. அம்னேரிஸுக்கு ஒரு கதை உண்டு. ராதமேஸை அவள் விரும்பினாள், பொறாமையால் அவனைச் சிக்கவைத்தாள், அதனால் அழுகிறாள். அவள் அழுகையை நாம் பார்க்கிறோம். அதில் நமக்குப் பொறுப்பில்லை. ரிக்வியத்தின் மெஸ்ஸோ-சோப்ரானோவுக்குப் பெயரில்லை, முன்கதையில்லை. சற்றுமுன் சாட்சி சொன்னவள் அடுத்த கணம் இரக்கம் கேட்கிறவளாகிறாள், பிறகு ‘ஆக்னுஸ் தேயி’யில் சோப்ரானோவோடு ஒரே மெட்டை எட்டு ஸ்வர இடைவெளியில், வாத்தியத் துணையே இல்லாமல் பதின்மூன்று தாள அளவுகள் பாடுகிறாள். அங்கே தனிமனிதக் குணம் ஏதும் மிச்சமில்லை. டெனரும் பாஸும் இப்படியே மாறிக்கொண்டிருக்கிறார்கள். நாடகத்தின் தொழில் முழுவதும் இருக்கிறது, நாடகத்துக்கு அடிப்படையான பாத்திரம் இல்லை.

‘டீயெஸ் ஈரே’ என்ற 13ஆம் நூற்றாண்டுப் பாடலே இப்படித்தான் அமைந்திருக்கிறது. முதல் ஆறு கண்ணிகள் தீர்ப்பு நாளைத் தொலைவிலிருந்து வருணிக்கின்றன. ஏழாவதில் திடீரென்று ஒருவர், நான் அப்போது என்ன சொல்வேன், எனக்காகப் பேச யாரைக் கூப்பிடுவேன் என்று கேட்கத் தொடங்குகிறார். வருணனை மன்றாட்டாகிறது, பார்வையாளர் குற்றவாளிக் கூண்டுக்குள் வந்துவிடுகிறார். பாடுகிற ஒவ்வொருவரும் அந்த ஒருவர். இதை எழுதியவர் ஓபரா பார்த்தவர் அல்லர்.

வெர்டி இந்த எல்லையை உணர்ந்தே இருந்தார். 1874 ஏப்ரலில் ரிக்கோர்திக்கு எழுதிய கடிதத்தில், இந்தத் திருப்பலியை ஓபரா பாடுவது போலப் பாடக் கூடாது என்றும், அரங்கில் எடுபடும் அழுத்தங்களும் நெளிவுகளும் தமக்கு இங்கே பிடிக்காது என்றும் சொன்னார். மறுபுறம், அவருடைய மனைவி ஜூசெப்பினா ஸ்திரெப்போனி நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வெர்டி போன்ற ஒருவர் வெர்டியாகத்தான் எழுத வேண்டும், சொற்களைத் தாம் உணர்ந்தபடியே இசையில் சொல்ல வேண்டும் என்று வாதாடினார். வியன்னா விமர்சகர் எடுவர்ட் ஹான்ஸ்லிக்கும் இத்தாலியர் தம் மொழியின் உணர்ச்சியோடு கடவுளிடம் பேசுவதை வடக்கத்தியர் தடுக்க முடியாது என்ற பொருளில் எழுதினார். ஹான்ஸ்லிக்கின் வாதம் நல்லெண்ணம் கொண்டது, ஆனால் போதாதது. இத்தாலியரின் இயல்பு இது என்று சொல்லி மன்னிப்பு வாங்கித் தருவதால், சொற்களுக்கும் இசைக்கும் இடையே நடந்த வேலை மறைந்துவிடுகிறது. ஸ்திரெப்போனி சொன்னது சொற்களைப் பற்றி. அதுவே சரியான தடம்.

வெர்டிக்கு விசுவாசம் இருந்ததா என்ற கேள்வியும் இந்த விவாதத்தில் அடிக்கடி வரும். அவர் முழு நாத்திகர் இல்லையென்றாலும் விசுவாசி என்று சொல்வதற்கும் இல்லை என்பது ஸ்திரெப்போனியின் கடிதங்களிலிருந்தே கிடைக்கும் சித்திரம். இதைக் குற்றச்சாட்டாக வைப்பவர்கள் ‘லீபெரா மே’யின் முடிவைக் கேட்க வேண்டும். மொழிந்தாற்போல ஒரே ஸ்வரத்தில், தாளக் கட்டில்லாமல் தொடங்கிய சோப்ரானோ, நடுவே அலறி, நடுங்கி, ஃபியூகில் கோரஸோடு போராடி, மறுபடி அதே ஒற்றை ஸ்வர ஓதலுக்கு வருகிறாள். சி மேஜரில், கேட்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மெல்லிய ஒலியில் முடிகிறது. மன்றாட்டுக்குப் பதில் கிடைத்ததா என்று இசை சொல்வதில்லை. ஓபரா ஆசிரியர் எவரும் இப்படித் திரை போட மாட்டார். உறுதியான விசுவாசியும் ஒருவேளை இப்படி முடித்திருக்க மாட்டார்.

6. திருச்சபை சொன்னது

சான் மார்க்கோவில் முதல் நிகழ்ச்சி நடந்தது வழிபாட்டின் ஒரு வடிவத்துக்குள்தான். ஆனால் அப்பமும் ரசமும் அர்ப்பணிக்கப்படாத ‘உலர்ந்த திருப்பலி’ அது. பெண்கள் பாடத் தனி அனுமதி வேண்டியிருந்தது. கறுப்பு உடையும் முக்காடும் அணிந்து அவர்கள் பாடினார்கள். சுமார் 120 பேர் கொண்ட கோரஸும் 100 பேர் கொண்ட வாத்தியக் குழுவும் வெர்டியின் கையசைவில் இயங்கின. தேவாலயம் என்பதால் கைதட்டல் இல்லை. மூன்றே நாளில், மே 25 அன்று, அதே இசை லா ஸ்காலா அரங்குக்கு வந்தது. அங்கே கைதட்டலும் உண்டு, சில பகுதிகளை மீண்டும் பாடச் சொல்லும் ஆரவாரமும் உண்டு. அடுத்த மாதம் பாரிஸில் அது பாடப்பட்ட இடம் ஓபேரா-கோமிக். அடுத்த ஆண்டு வியன்னாவில் அரச ஓபரா அரங்கம்.

ஜெர்மன் நாடுகளில் 1868-இல் தொடங்கிய செசீலிய இயக்கம் பாலஸ்திரீனா காலத்துக் கோரஸ் இசைக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1903 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் தேவாலய இசை பற்றி வெளியிட்ட ஆணை, அந்த இயக்கத்தின் கருத்துகள் பலவற்றுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் இத்தாலியில் செழித்த நாடகப் பாணியே வழிபாட்டுக்கு மிகக் குறைவாகப் பொருந்துவது என்றார். முரசு போன்ற ஓசைமிக்க வாத்தியங்களை விலக்கினார். கோரஸில் பாடுவது ஒரு வழிபாட்டுப் பணி என்பதால் பெண்கள் அதில் இடம்பெறக் கூடாது, உயர்ந்த குரல்களுக்குச் சிறுவர்களைப் பயன்படுத்த வேண்டும் என்றார்.

பெண்களைப் பற்றிய விதி அநீதியானது. பின்னாளில் திருச்சபையே அதைக் கைவிட்டது. ஆனால் அந்த ஆணையின் இன்னொரு பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டும். இசைக்காகப் பலிபீடத்தில் குருவைக் காத்திருக்க வைக்கக் கூடாது, பாடல் நீண்டு சடங்கு அதன் பின்னே நிற்கும் நிலை வரக் கூடாது என்கிறது அது. உணர்ச்சி கூடாது என்பது அங்கே வாதமன்று. காலம் யார் கையில் என்பதே கேள்வி. வழிபாட்டில் காலத்தை நடத்துவது சடங்கு. வெர்டியின் ரிக்வியத்தில் காலத்தை நடத்துவது இசை. ‘டீயெஸ் ஈரே’ மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. அதற்குள் எந்தக் குருவுக்கும் செய்ய வேலையில்லை. இந்த வழக்கில் திருச்சபை சொன்னது சரி என்றே கருதுகிறேன். ‘உலர்ந்த திருப்பலி’ என்ற ஏற்பாடே அதற்குச் சாட்சி: இந்த இசை இருக்கும் இடத்தில் பலி நடக்க வழியில்லை என்பது 1874-இலேயே தெரிந்திருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய சீர்திருத்தம் ‘டீயெஸ் ஈரே’ பாடலையே இரங்கல் திருப்பலியிலிருந்து எடுத்துவிட்டது. நாடகம் வெர்டியின் இசைக்கு முன்பே சொற்களில் இருந்தது என்பதை, ஒருவகையில், திருச்சபையே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

7. அரங்குக்கும் ஆலயத்துக்கும் வெளியே

இந்த வாதத்துக்கு மிகக் கடுமையான சோதனை தெரேசின் முகாமில் நடந்தது. 1943–44-இல் நாஜிகள் அடைத்துவைத்திருந்த யூதக் கைதிகளைக் கொண்டு நடத்துநர் ரஃபாயேல் ஷெக்டர் வெர்டியின் ரிக்வியத்தைப் பலமுறை பாடவைத்தார். வாத்தியக் குழு இல்லை, பியானோதான் துணை. பாடியவர்கள் கிழக்கே கொண்டுபோகப்பட, புதியவர்களைச் சேர்த்து மறுபடி பயிற்சி கொடுத்தார். 1944 அக்டோபரில் ஷெக்டரும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். யூதர்கள் கத்தோலிக்கத் திருப்பலியைப் பாடுவதா என்ற எதிர்ப்பு முகாமுக்குள்ளேயே இருந்தது. அதைப் பாடியது எதிர்ப்புணர்வா, ஆறுதலா, இசையின் மீதிருந்த பற்று மட்டுமா என்பதில் தப்பிப் பிழைத்தவர்களின் நினைவுகளும் ஆய்வாளர்களும் ஒருமுகமாக இல்லை. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. அங்கே சடங்கும் இல்லை, மேடையும் இல்லை, இருந்தும் அந்தச் சொற்களைத் தம் சொற்களாகப் பாட அவர்களால் முடிந்தது. ‘என்னை விடுவியும்’ என்ற மன்றாட்டுக்கு உரியவர் யார் என்பதை வெர்டியின் இசை முன்கூட்டியே முடிவு செய்து வைக்கவில்லை.

ரிக்வியம் ஓபராவும் அன்று, வழிபாட்டு இசையும் அன்று. ஒரு பிரார்த்தனையில் பேசுகிற ‘நான்’ யார் என்று நாடகத் தொழிலின் எல்லாக் கருவிகளையும் கொண்டு கேட்கும் படைப்பு. பூலோவின் கருத்தை நிகழ்ச்சி ஏடுகளில் இன்னும் அச்சிடுகிறவர்கள், அவர் அதைத் திரும்பப் பெற்ற செய்தியையும் சேர்த்து அச்சிட வேண்டும். பாடகர்கள் 1874 ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு மேடையேறுவது நல்லது. இந்த இசையை முதன்முறையாகக் கேட்கப் போகும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: ‘டீயெஸ் ஈரே’யின் முரசிலிருந்து தொடங்காதீர்கள். சுமார் பதின்மூன்று நிமிடம் நீளும் ‘லீபெரா மே’யை முதலில் தனியாகக் கேளுங்கள். எழுதப்பட்ட வரிசை அதுதான். பிறகு முழுப் படைப்பையும் முதலிலிருந்து கேளுங்கள்.